வெறுநிலம் என்னும் பொய்மை: ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு நோக்கிய விரிவு பற்றிய ஒரு மறுநோக்கு

ஐக்கிய அமெரிக்காவின் தோற்றத்தைக் கூறும் நூல்களிற் பெரும்பாலானவை ஒரே வகையான சொற்களைக் கொண்டே தம் கதையைத் தொடங்குகின்றன. கொலம்பஸ் ‘கண்டுபிடித்தார்’, ஆங்கிலேயர் ‘குடியேறினர்’, பதின்மூன்று குடியேற்றநாடுகள் ‘வளர்ந்தன’, விடுதலை பெற்ற குடியரசு மேற்குத் திசையில் ‘விரிவடைந்தது’. இவ்வினைச் சொற்களுள் எதிலும் இழந்தவர் என்று ஒருவர் இல்லை. செடி வளர்வது போலவும் நீர் பரவுவது போலவும் ஒரு தேசம் தன்னியல்பாகவே பரந்தது என்னும் எண்ணம் படிப்போர் உள்ளத்திற் பதிகிறது. அந்நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்தோருக்கு வழங்கப்பட்ட ‘செவ்விந்தியர்’ என்ற பெயரோ இரட்டைப் பிழை. அவர் இந்தியருமல்லர், சிவப்பருமல்லர். வழி தவறிய ஒரு மாலுமியின் மயக்கத்தை ஐந்நூறு ஆண்டுகளாக உலகம் ஒரு மக்கட் கூட்டத்தின் பெயராக வழங்கிவருகிறது.

இக்கதைக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர் பிரெட்ரிக் ஜக்சன் ரேர்னர். 1893 ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் வரலாற்றறிஞர் முன்னிலையில் அவர் வாசித்த கட்டுரை, மேற்கே எவருக்கும் உரித்தின்றிக் கிடந்த நிலமும் அதனை நோக்கி நகர்ந்துகொண்டேயிருந்த எல்லைப்புறமுமே அமெரிக்க சனநாயகத்தை உருவாக்கின என வாதிட்டது. 1890 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பு, அத்தகைய எல்லைக்கோடு இனி இல்லை என அறிவித்ததை அவர் தம் வாதத்தின் தொடக்கமாகக் கொண்டார். அதே 1890 ஆம் ஆண்டு டிசம்பர் 29 ஆம் நாள், தென் டக்கோற்றாவின் வூண்டட் நீ ஓடைக்கரையில், லக்கோற்றா மக்களுள் ஆண், பெண், குழந்தைகளென நூற்றைம்பதின்மருக்குக் குறையாதோர் அமெரிக்கப் படையினராற் சுட்டுக் கொல்லப்பட்டனர். எல்லைக்கோடு எவ்வாறு மறைந்தது என்பதற்கு அவ்வோடைக்கரை சான்று. ரேர்னரின் கட்டுரையில் அதற்கு இடமில்லை.

நிலம் வெறுமையாய்க் கிடந்தது என்பது பொய். அது வெறுமையாக்கப்பட்டது என்பதே மெய். அவ்வாறு வெறுமையாக்கியது கட்டுக்கடங்காத சில முரடர்களின் துப்பாக்கி மட்டுமன்று. சட்டமும் உடன்படிக்கையும் நில அளவைச் சங்கிலியும் நீதிமன்றத் தீர்ப்புமே அப்பணியின் பெரும்பகுதியைச் செய்தன. இவ்விரண்டு கூற்றுகளையும் சான்றுகளோடு நிறுவுதல் இயலும்.

பற்றுக்செற்றின் வயல்கள்

ஐரோப்பியர் வருமுன் வட அமெரிக்காவில் வாழ்ந்தோர் தொகை பற்றி அறிஞரிடையே ஒருமைப்பாடில்லை. ரியோ கிராண்டே ஆற்றுக்கு வடக்கே ஏறத்தாழ 10 இலட்சம் பேர் என்பது பழைய மதிப்பீடு. 1 கோடி 80 இலட்சம் எனக் கூறியோரும் உளர். எனினும் இவற்றுள் மிகக் குறைந்த எண்ணைக் கொண்டாலும் நிலம் வெறுமையானதன்று. மிசிசிப்பி ஆற்றங்கரையில் கஹோக்கியா என்னும் நகரம் 12 ஆம் நூற்றாண்டளவில் பல்லாயிரம் மக்களுடன் விளங்கியது. அங்கு எழுப்பப்பட்ட மண்மேடு ஒன்று இன்றும் ஏறத்தாழ 100 அடி உயரத்தில் நிற்கிறது. கிழக்குக் கரையோரத்து மக்கள் சோளமும் அவரையும் பூசணியும் ஒருங்கே பயிரிட்டனர். காட்டின் அடிப்புதர்களைக் காலந்தோறும் எரித்து வேட்டைக்கும் விளைவுக்கும் ஏற்ற வெளிகளை உண்டாக்கினர். பின்வந்தோர் இயற்கையின் கொடை என வியந்த பூங்காப் போன்ற காடுகளுட் பல மனிதர் கைபட்டுப் பண்பட்டவை.

1620 ஆம் ஆண்டு ‘மேபிளவர்’ கப்பலில் வந்த யாத்திரிகர் பிளிமத் என்னுமிடத்திற் குடியேறினர் என்பதை யாவரும் அறிவர். அவ்விடத்தின் பெயர் பற்றுக்செற் என்பதையும் அது வம்பனோக் மக்களின் ஊர் என்பதையும் அறிவோர் சிலரே. 1616 முதல் 1619 வரை ஐரோப்பிய வணிகரும் மீனவரும் கொணர்ந்த கொள்ளைநோய் அக்கரையோரத்தை அழித்தது. பற்றுக்செற்றில் எவரும் எஞ்சவில்லை. யாத்திரிகர் வீடமைத்தது அவ்வூரார் வெட்டித் திருத்திய வயல்களிலேயே. திஸ்குவாண்டம் என்னும் அவ்வூர் மகன் 1614 இல் ஆங்கிலக் கப்பற் தலைவன் ஒருவனாற் கடத்தப்பட்டு ஸ்பெயினில் விற்கப்படவிருந்தவன். இங்கிலாந்து வழியாக 1619 இல் ஊர் மீண்டபோது அங்கு மனித அரவமே இல்லை. வந்தேறியோருக்குச் சோளம் பயிரிடக் கற்பித்தவன் அவனே. அமெரிக்கப் பாடநூல்கள் அவனை நட்பின் சின்னமாகப் போற்றுகின்றன. தன் ஊரின் சுடலை மீது நின்று, அவ்வூரைக் கைக்கொண்டோருக்கு விதை நடக் கற்பித்த ஒருவனின் துயரம் அப்போற்றுதலில் மறைந்துவிடுகிறது.

உழாதவனுக்கு உரிமையில்லை

நிலத்தைக் கைப்பற்றுவோருக்கு நியாயம் ஒன்று தேவைப்பட்டது. மசசூசெற்ஸ் குடியேற்றநாட்டின் தலைவர் ஜோன் வின்துறொப் அதனை வழங்கினார். சுதேசிகள் நிலத்தை வேலியிடவில்லை. கால்நடை கொண்டு திருத்தவில்லை. ஆதலின் அவர்க்குள்ளது இயற்கையுரிமை மட்டுமே, சட்டவுரிமை இல்லை என்பது அவர் வாதம். 1634 இல் பெரியம்மை சுதேசிகளைக் கொன்றழித்தபோது, ஆண்டவரே தம்மவரின் காணியுரிமையைத் தெளிவாக்கினார் என எழுதவும் அவர் தயங்கவில்லை. ஒரு காணி உறுதிக்கு இத்தகைய சாட்சிக் கையொப்பம் வேறெங்கும் இடப்பட்டதில்லை. அந்நூற்றாண்டின் இறுதியில், உழைப்பே உடைமைக்கு மூலம் என ஜோன் லொக் எழுதியபோது, அமெரிக்கக் காடுகளையே உடைமையற்ற நிலைக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டார். கரோலைனாவின் உரிமையாளர்களாகிய பிரபுக்களுக்குச் செயலாளராகக் கடமையாற்றியவர் அவர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

வாதத்தின் போலித்தன்மை அதன் நடைமுறையிலேயே வெளிப்படுகிறது. சுதேசிகள் உழாதவரென்றால், 1609-10 பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் வேர்ஜீனியாவின் ஜேம்ஸ்ரவுன் குடியேற்றத்தார் எவருடைய சோளத்தை வாங்கியும் பறித்தும் உயிர் பிழைத்தனர்? பயிர்செய்கை இல்லையென்றால், 1779 இல் ஜோர்ஜ் வாஷிங்டனின் ஆணைப்படி சென்ற சலிவனின் படை இரோக்குவா மக்களின் நாற்பதுக்கு மேற்பட்ட ஊர்களை எரித்தபோது, எரிந்த வயல்களும் வெட்டுண்ட பழத்தோட்டங்களும் எவருடையவை? உழாதவர் எனக் கூறி நிலத்தைப் பறித்தவர், பறிப்பதற்காக உழுத வயலை எரித்தனர்.

நிலத்தோடு பெயரையும் பறித்தமை இவ்வரலாற்றின் இன்னொரு கூறு. 1637 இல் மிஸ்ரிக் ஆற்றோரம் பீக்குவற் மக்களின் கோட்டையூர் விடியற்பொழுதில் தீயிடப்பட்டது. நூற்றுக்கணக்கானோர், பெரும்பாலும் பெண்டிரும் பிள்ளைகளும் முதியோரும், மடிந்தனர். மறுவருடம் செய்யப்பட்ட ஹாட்போர்ட் உடன்படிக்கை, எஞ்சியோர் பீக்குவற் என்னும் பெயரைச் சொல்லவும் கூடாதென விதித்தது. ஒரு மக்களின் பெயரைச் சட்டத்தால் அழிக்க முனைந்தவர், அந்நிலத்தில் மக்கள் இருந்தனர் என்பதை நன்கு அறிந்தவரே. வெறுநிலம் என்பது அறியாமையால் எழுந்த கருத்தன்று.

சங்கிலியும் சதுரமும்

1763 இல் பிரித்தானிய மன்னர் விடுத்த பிரகடனம் அப்பலாச்சியன் மலைத்தொடருக்கு மேற்கே குடியேற்றத்தைத் தடுத்தது. மன்னருக்குச் சுதேசிகள் மீது பெருங்கருணை இருந்ததெனக் கொள்ளவேண்டியதில்லை. எல்லைப் போர்களின் செலவுக்கு அவர் அஞ்சினார். ஆயினும் இத்தடை குடியேற்றவாசிகளுக்கும் காணி வியாபாரிகளுக்கும் பெரும் இடையூறாயிற்று. மேற்கு நிலங்களில் முதலீடு செய்தோருள் வாஷிங்டனும் ஒருவர். வரிக் கொடுமையை எதிர்த்தெழுந்த புரட்சி என்று மட்டும் 1776 ஐக் கற்பிப்போர் இதனை எளிதில் மறந்துவிடுகின்றனர். மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்னும் உயர்ந்த கொள்கையை அறிவித்த அதே சுதந்திரப் பிரகடனம், தன் குற்றச்சாட்டுப் பட்டியலின் இறுதியிற் சுதேசிகளை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் எனக் குறிப்பிடுகின்றது. 1783 ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையில் மிசிசிப்பி வரையுள்ள நிலம் கைமாறியபோது, அதில் வாழ்ந்தோரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதப்படவில்லை.

1785 ஆம் ஆண்டு நிலச்சட்டம் இந்நிலத்தை ஆறு மைல் சதுரங்களாகவும், ஒவ்வொன்றையும் 640 ஏக்கர் கொண்ட 36 பகுதிகளாகவும் வகுத்து, ஏக்கர் ஒரு டொலருக்குக் குறையாது ஏலமிட வழி செய்தது. ஒவ்வொரு சதுரத்திலும் பதினாறாம் பகுதி பாடசாலைக்கென ஒதுக்கப்பட்டது. கல்விக்கு நிலம் ஒதுக்கிய இச்சட்டம் போற்றத்தக்கது என்பர். ஆற்றையும் வேட்டைப் பாதையையும் முன்னோர் இடுகாட்டையும் கணக்கிலெடாத இச்சதுரங்கள் வரையப்படுகையில் அந்நிலம் இன்னும் விற்போர் கைக்கு வரவேயில்லை என்பதை எவரும் கூறுவதில்லை. 1787 ஆம் ஆண்டுச் சட்டம் சுதேசிகளுடன் மிகுந்த நேர்மையோடு ஒழுகுவதாக வாக்களித்தது. அவ்வாக்கை நம்பாது எதிர்த்து நின்ற ஒகையோப் பகுதி மக்கள் 1791 இல் சென்ற் கிளயரின் படையை முறியடித்து 600 க்கு மேற்பட்ட படையினரை வீழ்த்தினர். 1794 இல் அவர் தோற்றனர். 1795 இல் ஒகையோவின் பெரும்பகுதியைக் கையளித்தனர்.

1823 இல் உச்ச நீதிமன்றம் இம்முழு நடைமுறைக்கும் முத்திரையிட்டது. சுதேசிகளுக்கு நிலத்தில் இருப்புரிமை மட்டுமே உண்டு. மேலுரிமை ‘கண்டுபிடித்த’ ஐரோப்பிய அரசுக்கும் அதன் வாரிசாகிய அமெரிக்காவுக்கும் உரியது எனப் பிரதம நீதியரசர் ஜோன் மார்ஷல் தீர்ப்பளித்தார். அக்கொள்கை இயற்கை நீதிக்கு முரணாகத் தோன்றலாமென அவரே ஒப்புக்கொண்டமைதான் விந்தை. கொள்கை முரணானதெனினும், அதன்மீது நாடு கட்டப்பட்டுவிட்டதாதலின் அதனை மறுக்கவியலாது என்பதே தீர்ப்பின் சாரம். திருடிய பொருளைத் திருப்பித் தரவியலாது, அதன்மீது வீடு கட்டியாயிற்று என்பதைச் சட்டமொழியில் இதனினும் நாகரிகமாகக் கூறுதல் அரிது.

செரோக்கி மக்களின் படிப்பினை

நாகரிகமற்றோர் ஆதலின் நாகரிகத்தின் முன் நிற்கமாட்டாது அழிந்தனர் என்பது அடுத்த பொய். இதனைத் தகர்ப்பதற்குச் செரோக்கி மக்களின் வரலாறொன்றே போதுமானது.

யாழ்ப்பாணத்துத் தமிழருக்கு இவ்வரலாற்றில் ஒரு நேர்த் தொடர்புண்டு. 1816 இல் தெல்லிப்பழையில் வந்திறங்கி, 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினறியை நிறுவி, 1841 இல் தமிழிலும் ஆங்கிலத்திலும் உதயதாரகையை வெளியிட்ட மிஷனரிமாரை அனுப்பியது பொஸ்ரன் நகரின் அமெரிக்கன் போர்ட் என்னும் சங்கம். அதே சங்கம் 1817 முதல் செரோக்கி மக்களிடையேயும் பாடசாலைகளை நடத்தியது. செக்குவோயா என்னும் ஆங்கிலமறியாச் செரோக்கியர் 1821 அளவில் தம் மொழிக்கு எண்பத்தைந்தையொட்டிய எழுத்துகளைத் தாமே வகுத்தார். சில ஆண்டுகளில் அம்மக்களுட் பெரும்பாலோர் எழுத்தறிந்தனர். 1827 இல் அரசியல் யாப்பொன்றை இயற்றினர். 1828 இல், அமெரிக்கன் போர்ட்டின் உதவியுடன் வார்க்கப்பட்ட அச்செழுத்துகளைக் கொண்டு, செரோக்கியிலும் ஆங்கிலத்திலும் ‘செரோக்கி பீனிக்ஸ்’ என்னும் பத்திரிகையை வெளியிட்டனர். உழவு, நெசவு, எழுத்து, யாப்பு, அச்சு என நாகரிகத்தின் பெயரால் அவர்களிடம் கேட்கப்பட்ட அனைத்தும் நிறைவேற்றப்பட்டன.

கிடைத்த பரிசு யாது? ஜோர்ஜியாவிற் பொன் கண்டெடுக்கப்பட்டது. அம்மாநிலம் செரோக்கி அரசை ஏற்க மறுத்து அதன் நிலத்தைக் குலுக்குச் சீட்டு மூலம் வெள்ளையருக்குப் பங்கிட்டது. 1830 இல் ஜனாதிபதி அன்ட்ரூ ஜக்சன் மிசிசிப்பிக்கு அப்பால் அகற்றும் சட்டத்தை நிறைவேற்றுவித்தார். ஜோர்ஜியாவின் சட்டத்துக்குப் பணிய மறுத்த மிஷனரி சாமுவேல் வூஸ்ரர் நான்காண்டுக் கடூழியத் தண்டனை பெற்றுச் சிறை சென்றார். 1832 இல் உச்ச நீதிமன்றம் ஜோர்ஜியாவின் சட்டம் செரோக்கி நிலத்திற் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நூலில் நின்றது, நிலம் போயிற்று. அவருக்கு ஆதரவளித்த சங்கமே இறுதியில் வழக்கைக் கைவிடும்படி ஆலோசனை கூற, வூஸ்ரர் 1833 இல் விடுதலையானார். 1835 இல் ஜோர்ஜியாவின் காவற்படை அச்சகத்தைக் கைப்பற்றியது. அவ்வாண்டிறுதியில் அதிகாரமற்ற சிறு குழுவொன்றிடம் கையொப்பம் பெற்ற உடன்படிக்கையை, பதினையாயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட எதிர்ப்பு மனுவையும் பொருட்படுத்தாது, செனற் சபை தேவையான மூன்றிலிரு பங்கை ஒரேயொரு வாக்கால் எட்டி ஏற்றது. 1838 இல் ஏறத்தாழ 16,000 பேர் துப்பாக்கி முனையில் வெளியேற்றப்பட்டனர். முகாம்களிலும் வழியிலும் மடிந்தோர் ஏறத்தாழ 4,000 பேர் என மதிப்பிடப்படுகிறது.

எழுத்துப் போதாது, யாப்புப் போதாது, நீதிமன்றத் தீர்ப்பும் போதாது என்பதே இம்மக்கள் கற்ற பாடம். இவர்களது குற்றம் நாகரிகமின்மையன்று. பிறர் விரும்பிய நிலத்தில் வாழ்ந்தமையே. நாகரிகமடைந்து நிலைத்து வேரூன்றியமையே அவர்களை அகற்றுவதை அவசரமாக்கியது எனினும் தவறாகாது. அலையும் வேடன் அகன்று செல்வான் என எதிர்பார்க்கலாம், யாப்பெழுதியவன் அகலான்.

இங்கு மற்றொரு பொய்யையும் தவிர்த்தல் வேண்டும். சுதேசிகளைக் குற்றமற்ற தூயவராகத் தீட்டுதலும் வரலாறாகாது. 1835 இல் செரோக்கிச் செல்வந்தர் வசம் ஏறத்தாழ 1,600 கறுப்பின அடிமைகள் இருந்தனர். அவர்களும் அதே கண்ணீர்ப் பாதையில் நடத்திச் செல்லப்பட்டனர். ஒருவர் நல்லவர் என்பதனாலன்று, அந்நிலம் அவருடையது என்பதனாலேயே அதனைப் பறித்தது அநீதியாயிற்று. உரிமைக்கு ஒழுக்கச் சான்றிதழ் கேட்பவர் பறிப்பவரின் பக்கத்தவரே.

பருத்தியும் 1862 உம்

பறிக்கப்பட்ட நிலம் எதற்குப் பயன்பட்டது என்பதைக் காணின், இவ்வரலாற்றின் பொருளாதார அடித்தளம் புலனாகும். 1793 இல் பருத்தி பிரிக்கும் பொறி அமைக்கப்பட்டபின் லங்காஷயர் ஆலைகளின் பசிக்குத் தென்னாட்டு மண் தேவைப்பட்டது. கிறீக், சொக்ரோ, சிக்கசோ, செரோக்கி மக்களிடமிருந்து எடுக்கப்பட்ட நிலங்கள் பருத்தி நாடாயின. அந்நிலத்தில் உழைப்பதற்கு, விடுதலைப் போருக்கும் உள்நாட்டுப் போருக்கும் இடைப்பட்ட காலத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் அடிமைகள் பழைய மாநிலங்களிலிருந்து குடும்பம் பிரிக்கப்பட்டுத் தென்மேற்கே கொண்டுசெல்லப்பட்டனர். 1790 இல் 7 இலட்சமாயிருந்த அடிமைகள் 1860 இல் ஏறத்தாழ 40 இலட்சமாயினர்; அப்போது நாட்டின் ஏற்றுமதியில் அரைப்பங்குக்கு மேல் பருத்தியே. ஓரினத்தை அதன் நிலத்திலிருந்து விரட்டுவதும் மற்றோரினத்தை அந்நிலத்திற் கட்டிவைப்பதும் ஒரே பொருளாதாரத்தின் இரு கைகள். ரேர்னர் கூறிய எல்லைப்புறச் சனநாயகத்தின் தெற்குப் பாதி அடிமைச் சந்தை.

1845 இல் ஜோன் ஓசலிவன் என்னும் பத்திரிகையாளர் கண்டம் முழுவதும் பரவுதல் தம் நாட்டுக்குக் கடவுள் வகுத்த வெளிப்படையான விதி என எழுதினார். மூன்றாண்டுகளுக்குள் மெக்சிக்கோவிடமிருந்து 5 இலட்சம் சதுர மைலுக்கு மேற்பட்ட நிலம் போரினாற் பெறப்பட்டது. 1851-52 இற் கலிபோர்னியச் சுதேசிகளுடன் செய்யப்பட்ட 18 உடன்படிக்கைகளைச் செனற் சபை நிராகரித்து இரகசியமாக வைத்தது. அவை 1905 வரை வெளிவரவில்லை. 1848 இல் ஏறத்தாழ 150,000 ஆக இருந்த அம்மக்கள் 1870 அளவில் ஏறத்தாழ 30,000 ஆயினர். அவர்களைக் கொல்லப் புறப்பட்ட தொண்டர் படைகளின் செலவை மாநிலமே ஏற்றது.

1862 ஆம் ஆண்டொன்றை மட்டும் எடுத்து நோக்கினும் முழு வரலாறும் அதில் அடங்கிக் கிடப்பதைக் காணலாம். மே மாதம் குடிநிலச் சட்டம், ஐந்தாண்டு குடியிருந்து உழைப்போருக்கு 160 ஏக்கர் வழங்கியது. யூலை முதலாம் நாள் பசிபிக் புகையிரதப் பாதைச் சட்டம் வந்தது. புகையிரதக் கம்பனிகளுக்குக் கூட்டரசு காலப்போக்கில் வழங்கிய நிலம் 10 கோடி ஏக்கருக்கு மேற்பட்டது. மறுநாள் மொறில் சட்டம், பல்கலைக்கழகங்களை நிறுவப் பொதுநிலத்தை மாநிலங்களுக்கு வழங்கியது. இம்மூன்றையும் ஏழை மகனின் எழுச்சி, தொழில்நுட்பத்தின் வெற்றி, அறிவின் பரவல் எனப் பாடநூல்கள் போற்றும். அவ்வாண்டு டிசம்பர் 26 ஆம் நாள் மின்னெசோற்றாவின் மன்கேற்றோ நகரில் 38 டக்கோற்றா ஆடவர் ஒரே மேடையில் ஒரே வேளையிற் தூக்கிலிடப்பட்டனர். நிலத்தை விற்ற பணம் உரிய வேளையிற் கிடையாது பட்டினி கிடந்தோர் ஆயுதமேந்திய போருக்கு அது தண்டனை. இராணுவ விசாரணைகளுட் சில ஒருசில நிமிடங்களே நடந்தன. 303 மரண தண்டனைகளை ஆராய்ந்து பெரும்பாலோரை விடுவித்தவர் லிங்கன். அந்த 38 பேரையும் உள்ளடக்கிய தூக்குக் கட்டளையிற் கையொப்பமிட்டவரும் அவரே. நிலச் சட்டங்களையும் தூக்குமேடையையும் வெவ்வேறு அத்தியாயங்களில் எழுதுவதே பாடநூலின் தந்திரம். நான்கும் ஒரே அத்தியாயத்துக்குரியவை.

பல்கலைக்கழகங்களிற் பயில்வோரும் கற்பிப்போரும் இவற்றுள் மூன்றாவதை ஊன்றி நோக்குதல் தகும். அமெரிக்காவின் புகழ்மிக்க உயர்கல்விக்கூடங்கள் பலவற்றின் மூலதனம், சுதேசிகளிடமிருந்து பெறப்பட்ட நிலத்தின் விற்பனையே. கோர்ணெல் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் ஏறத்தாழ 10 இலட்சம் ஏக்கருக்கான பத்திரங்கள் கிடைத்தன. எந்த நிலத்தின் விலையில் நூலகம் எழுந்ததோ, அந்த நிலம் வெறுமையானதென்ற நூலை அந்நூலகமே தாங்கிநிற்கிறது.

மறுப்புகள் சில

சுதேசிகளை அழித்தது நோய். அதற்கு எவரும் பொறுப்பாளரல்லர் என்பர் சிலர். கொள்ளைநோய் பெருவாரியாகக் கொன்றது உண்மையே. ஆயின் நோய் காணி எழுதிக்கொள்வதில்லை, ஊரை எரிப்பதில்லை, மக்களைக் குளிர்காலத்தில் நடத்திச் செல்வதில்லை. பட்டினியும் முகாமும் இடப்பெயர்வுமே நோயைக் கொடிதாக்கின. நோயுற்ற அயலவன் வீட்டைக் கைக்கொண்டவன், அவனைக் காய்ச்சல் கொன்றதெனக் கூறித் தப்பவியலாது.

அக்காலத்தவரை இக்கால அளவுகோலால் அளத்தல் தகாது என்பர் வேறு சிலர். அக்கால அளவுகோல் யாது? மன்னரின் பட்டயத்துக்குச் சுதேசிகளின் நிலத்தை வழங்கும் உரிமையில்லை எனக் கூறிய ரொஜர் வில்லியம்ஸ் மசசூசெற்ஸிலிருந்து நாடுகடத்தப்படத் தீர்ப்பிடப்பட்டது 1635 இல். அமெரிக்கன் போர்ட்டின் செயலாளர் ஜெரமையா எவார்ட்ஸ் அகற்றலுக்கு எதிராகக் கட்டுரைத் தொடர் எழுதியது 1829 இல். அகற்றற் சட்டம் பிரதிநிதிகள் சபையில் 102 க்கு 97 என்ற வாக்குகளாலேயே நிறைவேறியது. ஐந்து வாக்கு மிகையால் வென்ற ஒன்றைக் காலத்தின் இயல்பு எனல் அந்த 97 பேரையும் வரலாற்றிலிருந்து அழிப்பதாகும். அநீதி என அன்றே அறிந்தோர் இருந்தனர்; அன்றே கூறினர்; தோற்றனர்.

வென்றவர் கொள்வது உலக வழக்கே எனக் கூறுவோரும் உளர். வழக்கென்பது நியாயமன்று. மேலும் ஐக்கிய அமெரிக்கா வென்றேன், கொண்டேன் எனப் பெரும்பாலும் கூறவில்லை. வாங்கினேன், உடன்படிக்கை செய்தேன், நாகரிகம் தந்தேன் என்றே கூறியது. ஆகவே அதனை அதன் சொல் கொண்டே அளத்தல் முறையாகும்.

முடியாத கணக்கு

இவை யாவும் பழங்கதை என ஒதுக்குதற்குரியனவல்ல. 1868 ஆம் ஆண்டு உடன்படிக்கை கருங்குன்றுகளை லக்கோற்றா முதலிய சூ மக்களுக்கு உறுதிசெய்தது. 1874 இல் அங்குப் பொன் காணப்பட்டது. 1877 இற் காங்கிரஸ் அதனை எடுத்துக்கொண்டது. 1980 இல் உச்ச நீதிமன்றம் அது உரிய ஈடின்றிப் பறிக்கப்பட்டது என ஏற்று, வட்டியுடன் 10 கோடி டொலருக்கு மேற்பட்ட இழப்பீட்டை உறுதிப்படுத்தியது. அம்மக்கள் அப்பணத்தைத் தொட மறுத்துவிட்டனர். அமெரிக்காவின் மிக வறிய சமூகங்களுள் ஒன்று தன் பெயரிற் குவிந்துகிடக்கும் செல்வத்தை ஏற்காதிருக்கிறது. விற்கப்படாத பொருளுக்கு விலை வாங்குவதில்லை என்பதே அவர்களின் விடை. 2005 இலும் உச்ச நீதிமன்றம் ஒனைடா மக்களின் வழக்கொன்றிற் கண்டுபிடிப்புக் கோட்பாட்டைச் சுட்டியது. 2023 இல் வத்திக்கான் அக்கோட்பாட்டைத் தன் போதனையன்றென மறுத்துரைத்தது. அதனை நிலைநாட்டிய 1823 ஆம் ஆண்டுத் தீர்ப்போ அமெரிக்கச் சட்டத்திலிருந்து நீக்கப்படவில்லை.

வரலாறு கற்போர் வாக்களித்தோ தீர்ப்பளித்தோ இந்நிலங்களை மீட்டுக் கொடுக்கவியலாது. ஆயினும் அவர்கள் கையில் ஒன்று உண்டு. அது சொல். ‘கண்டுபிடிப்பு’, ‘வெறுநிலம்’, ‘விரிவு’ என்னும் சொற்களை ஆராயாது ஒப்புவிக்கும் மாணவன், ஒவ்வொரு முறையும் பற்றுக்செற்றை மீண்டும் வெறுமையாக்குகிறான். விடைத்தாளில் அச்சொற்களை மறுத்து, அங்கு வாழ்ந்தோரின் பெயரை எழுதுபவன் அவர்களது காணிக்கு ஒரு சாட்சியாகிறான். பொய் உறுதிகள் மலிந்த வரலாற்றில் மெய்ச்சாட்சி ஒருவனும் சிறு பொருளல்லன்.